ஐஸை நிறுக்காதே, டோரீன்

வானொலியில் அந்தப் பாட்டு
ஒரே ஒரு முறைதான் வந்தது.
பாடுபவர்கள் எந்த ஊர் என்று அறிவிப்பாளர் சொன்ன நேரம்
வித் கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.
இருபது வருடம் அதற்காக அவனைத் திட்டியிருக்கிறோம்.

க்தான்ஸ்க். எண்பத்து மூன்று, பிப்ரவரி.
மூன்று பேருக்கு ஓர் அகராதி,
அதிலும் 'எஸ்' பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள்.
பேட்டரி இறங்க இறங்கப் பாடகனுக்கு வயதாகும்.
பென்சிலைச் செருகி நாடாவைப் பின்னுக்குச் சுற்றி
அந்த ஒரு வரியை மட்டும் கேட்போம்:

ஐஸை நிறுக்காதே, டோரீன்,
ஐஸை நிறுக்காதே.

முதல் வாரம், அது ஐஸே இல்லை, கண்கள் என்றாள் ஹால்ஷ்கா;
அந்த மொழியில் இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம்.
அவளுக்கு அப்போது ஒருவன் கண்களோடு வழக்கு இருந்தது.
நான் வேதியியல் மாணவன். போதைப்பொருள் என்றேன்,
கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றி ஐந்து பக்கம் எழுதினேன்.
வித் இரண்டையும் ஒதுக்கினான்.
அவன் அப்பா முகாமிலிருந்து வந்து பத்து வாரம்,
ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பார்.
"ஐஸ் என்றால் இவர்கள்.
எவ்வளவு கனம் என்று பார்க்காதே என்கிறான்.
கனமாகத்தான் இருக்கும். ஏப்ரல் வரும்."
அப்புறம் நாங்கள் வாதாடவில்லை.

டோரீன் யார் என்பது மட்டும் தீரவில்லை.

மார்ச்சில், கப்பல் கட்டும் தளத்தின் சுவரில்
ஆளுயர எழுத்தில் அந்த வரி, எங்கள் மொழியில்.
பெயின்ட் காயுமுன் வித்தைப் பிடித்துவிட்டார்கள்.
நாற்பத்தெட்டு மணி நேரம் ஒரே கேள்வி:
யார் இந்த டோரீன்?
எங்கே தங்கியிருக்கிறாள்?
தெரியாது என்றான். உண்மைதானே.
அதற்கு ஒரு பல் போனது.

ஆட்சி போய்க் கோப்புகள் திறந்தபோது
தன்னுடையதை வாங்கிவந்து எங்களுக்குப் படித்தான்.
கேப்டன் ட்ரோஸ்த். நான்கு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லாத தட்டச்சு.
'ஐஸ்: கருணையாக இருக்கலாம்,
கையிலெடுத்து அளக்கத் தொடங்கினால் கரைந்துவிடுவதால்.
டோரீன்: தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருக்கும் எவரும்.'
ஓரத்தில் பேனாவால்:
'இரண்டாவது கித்தார் நுழையும்போது பாடகர் அழுகிறாரா?
மீண்டும் கேட்க வேண்டும்.'

பறிமுதல் செய்த கேசட் திரும்பி வரவே இல்லை.
"பல்லையும் எடுத்துக்கொண்டான்,
பாட்டையும் எடுத்துக்கொண்டான்" என்றான் வித்.
எங்கள் மூவரில் ஒருவரும்
அந்த அளவுக்குக் கேட்டிருக்கவில்லை.
அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எல்லைகள் திறந்த மறு வருடம்
ஹால்ஷ்கா கிரிம்ஸ்பிக்கு வேலைக்குப் போனாள்.
மீன் ஆலை. விடியுமுன் ஷிஃப்ட். ஒரு சைஸ் பெரிய ரப்பர் பூட்ஸ்.
முதல் நாள், தராசுக்கு மேலே, துருவேறிய தகரப் பலகையில்
விதி நான்கு: ஐஸை நிறுக்காதே.
கூலி கிலோ கணக்கு.
பெட்டியை உதறி, மீனை மட்டும் தட்டில் வைக்க வேண்டும்.

அங்கேயே நின்று சிரித்தாளாம், மேற்பார்வையாளர் வரும்வரை.
பிறகு பக்கத்து மேஜைக்காரியிடம் கேட்டிருக்கிறாள்.
டோரீனா? தராசு டோரீன்!
பெட்டிக்கு அரைக் கிலோ ஐஸையும் சேர்த்தே எழுதுவாள்,
கைக்குழந்தைக்காரிகளுக்கு மட்டும்.
எல்லோரும் எச்சரித்தார்கள். கேட்கவில்லை. மாட்டிக்கொண்டாள்.
வாசலில் பெட்டி தூக்கிய ஒரு பையன்
பிறகு ஏதோ பாட்டுக் குழுவில் சேர்ந்தான்,
பெயர் ஞாபகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹால்ஷ்கா வித்துக்கு போன் செய்தாள்.
பலகை வரைக்கும் கேட்டான்.
"தப்பாக அச்சடித்திருக்கிறார்கள்" என்று வைத்துவிட்டான்.
மறுபடி கூப்பிட்டு மிச்சத்தையும் சொன்னாளாம்.
அதற்குப் பதிலே இல்லை.

இரவு இரண்டரைக்கு என் போன் அடித்தது.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
"பெட்டிக்கு அரைக் கிலோ என்றா சொன்னாள்?"
ஆமாம் என்றேன்.
"ஒவ்வொரு பெட்டிக்குமா?"