முழங்காலுக்குப் பஞ்சு

ஹார்லெமில் மழை. ஏலக்கடையின் பின்னறையில்
பழைய தாள்களுக்கு வயதும் விலையும் எழுதுவது என் வேலை.

எண் 213: பீக்கிங் போன தூதர் கம்பெனிக்கு எழுதிய கடிதம்.
ஒப்பம் தெளிவு. வால்சுழி அரைப் பக்கத்துக்கு ஓடுகிறது.
'பேரரசர் முன் உரிய முறையில் வணக்கம் செலுத்தினோம்'
ஒரே வரி. மீதியெல்லாம் பனி, தேயிலை, அச்சு முறிந்த வண்டி.

எண் 214: அதே கட்டில் ஒட்டிக் கிடந்த சீட்டு.
உள்ளங்கை அகலம், ஓரத்தில் எலிக்கடி.
'தூதரவர்களின் கால்சட்டைக்குள்
இரண்டு முழங்காலிலும் வைத்துத் தைக்கப்
பஞ்சு அரைப் பவுண்டு, துணி இரண்டு முழம்.
பணம் பெற்றுக்கொண்டேன். யூரியான் பாட், பணியாள்.'
எழுத்துக்கூட்டிப் போட்ட பெயர்.
கடைசி எழுத்து இடமில்லாமல்
விளிம்பில் ஏறி நிற்கிறது.

'கறை உண்டு. அறியப்படாதவர் ஒப்பம்.
நாற்பது யூரோ' என்று எழுதி வைத்தேன்.

ஏலத்துக்கு முந்தின நாள் ஹெசல் டைக்ஹ்ராஃப் வந்தார்.
கால்வாய் மதகு திறந்து மூடி ஓய்வு பெற்றவர்.
முப்பது வருடமாக அந்த ஒரே தூதுக்குழு:
செயலர், வைத்தியர், பரிசுக் கடிகாரங்களுக்குச்
சாவி கொடுக்கப் போன ஜெனீவாக்காரர்,
எல்லோரும் அவருடைய பிஸ்கட் டப்பாவில்.
தூதர் மட்டும் பாக்கி.

213ஐ நீட்டினேன். பார்த்தார், வைத்தார்.
214ஐ எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"மண்டியிட்டு மூன்று. எழுந்து, மறுபடி மூன்று.
மறுபடியும். ஒன்பது தடவை நெற்றி தரையில்.
அந்த மாதத்தில் அந்தக் கல் எப்படி இருந்திருக்கும்!
பார், முழங்காலுக்குத்தான் பஞ்சு.
நெற்றிக்கு எதுவும் வாங்கவில்லை."

கையெழுத்துக்கு விலை போட எனக்குத் தெரியும்.
தலை எழுதிய எழுத்து?
அதை அன்று மாலையே ஒருவன்
துடைப்பத்தோடு வந்து பெருக்கியிருப்பான்.

213 தொலைபேசி வழியே ஆன்ட்வெர்ப்புக்குப் போனது,
நாலாயிரத்து இருநூறு.
214க்கு ஹெசல் கை தூக்கினார். நாற்பது.
வேறு யாருமில்லை. சுத்தியல் இறங்குமுன்
மறுபடி தூக்கினார்: அறுபது.
"ஐயா, கடைசியாகக் கேட்டதும் நீங்கள்தான்."
"தெரியும். அந்தப் பையனுக்கு நாற்பது பத்தாது."
அவையில் சிரிப்பு. நாற்பதுக்கே முடிந்தது.

அச்சிட்ட ரசீது வேண்டாமென்றார்.
கையாலேயே எழுதினேன்: பெற்றுக்கொண்டேன்.
தினமும் கிறுக்கும் என் பெயரை
அன்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டேன்.
இடம் போதவில்லை.