நண்பகல் வரை அரைக்கம்பம்

ஜூலை ஒன்றாம் தேதி எனக்கு இரண்டே வேலை.
விடியலில் கொடியைப் பாதிக்கு இறக்க வேண்டும்,
பன்னிரண்டு மணிக்கு உச்சிக்கு ஏற்ற வேண்டும்.
மற்ற நாளெல்லாம் ஸ்கல்லி கோவ் ஊராட்சியில்
பனி தள்ளுவது, குழாய் பார்ப்பது,
படகுத்துறையில் பெயர்ந்த பலகைக்கு ஆணி அடிப்பது.

காலையில் நடுகல்லைச் சுற்றி நிற்போம்.
சட்டையில் நீலப் பூ, பொட்டளவு.
மறவாதே என்பதுதான் அதன் பெயரே.
பாதிரியார் பதினோரு பெயர் வாசிப்பார்.
அதில் ஐந்து கீப்பிங்.

பிரான்சில் ஒரு சரிவு, நல்ல வெயில், அரைமணி நேரம்.
எண்ணூறு பேர் போனார்கள்.
மறுநாள் பெயர் கூப்பிட்டபோது
'உள்ளேன்' என்றவர்கள் அறுபத்தெட்டு.
மேலே பறக்கும் நம் விமானத்துக்கு
நம் ஆள் என்று தெரியட்டும் என
முதுகில் தகர முக்கோணம் தைத்திருந்தார்களாம்,
பிஸ்கட் டின்னில் வெட்டியது.
வெயில் நன்றாகவே அடையாளம் காட்டியது.

அப்போது நியூஃபவுண்ட்லாந்து தனி நாடு.
போருக்கு வாங்கிய கடன் ஏறி ஏறி
ஆட்சி கைவிட்டுப் போனது.
பின்னால் போய்ச் சேர்ந்த கனடாவுக்கோ
அதே தேதியில் பிறந்தநாள்.
யாரும் வேண்டுமென்று செய்ததில்லை.
நாட்காட்டிக்குக் கண் கிடையாது.
ஆகவே காலையில் இழவு, மதியத்துக்குமேல் விழா,
நடுவில் என் கயிறு.

இந்த வருடம் கயிறு நின்றுவிட்டது.

மணி அடித்தது. இழுத்தேன்.
கொடி ஒரு முழம் ஏறியதும்
மேலே கப்பி கடித்துக்கொண்டது.
மேயர் ரைட்அவுட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
லவினியா வாச்சர் கேக்கின் மூடியைத்
திறந்த கையோடு நின்றாள்.
பள்ளிக்கூட பேண்டு முதல் அடியை அடித்து
மிச்சத்தை விழுங்கிக்கொண்டது.
தொப்பி போட்டவர் கழற்றினார். மறுபடி போட்டார்.
இன்னும் இழவுதானா, விழா தொடங்கிவிட்டதா,
சொல்ல ஆளில்லை.

ஏணி தீயணைப்புக் கொட்டகையில்.
சாவி டார்சியிடம்.
டார்சி கடலில்.

சும்மா நிற்க வேண்டியிருந்ததால்
ஜனங்கள் கல்லைப் படித்தார்கள்,
பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்
சுவரொட்டி படிப்பதுபோல.
கன்னத்தில் சிவப்பு இலை வரைந்த ஒரு சிறுமி
எழுத்துக்கூட்டினாள்: ஹெ-ச-கை-யா ஸ்னுக்.
"இது யாரு?"
அவள் அம்மாவுக்குத் தெரியவில்லை.
மேயருக்கும்.

எனக்குத் தெரியும், கொஞ்சம்.
ஊராட்சி அலமாரியில் பழைய கடைக் கணக்கு ஒன்று,
கூரைக் கசிவு பார்க்கப் போன அன்று புரட்டியது.
ஸ்னுக், ஹெசகையா: பூட்ஸ் ஒரு ஜோடி,
வெல்லப்பாகு இரண்டு காலன்,
தூண்டில் நூல்.
மீன் வந்ததும் தீர்ப்பதாகப் பேச்சு.
அதன் கீழே கோடு இழுக்கவில்லை யாரும்.

"பூட்ஸ் வாங்கினவர்" என்றேன்.
"என்ன கலர்?"
கருப்பாகத்தான் இருக்கும் என்றேன்.
அவள் தன் செருப்பைக் குனிந்து பார்த்தாள்.

டார்சியின் மனைவி மாற்றுச் சாவி கண்டெடுக்க
இருபது நிமிடம்.
ஏறினேன். கப்பி முழுக்க உப்புத் துரு.
எண்ணெய் டப்பா என் பையில்தான் இருந்தது,
மே மாதத்திலிருந்து.

கொடி போனது மேலே.
கைதட்ட யாரும் முந்தவில்லை.
பிறகு எவனோ ஒரு பையன் விசில் ஊத,
பேண்டு அதைப் பிடித்துக்கொண்டது.

கேக்கில் எனக்கு வந்தது மூலைத்துண்டு,
சிவப்பு இலையின் காம்பு மட்டும்.
கை கழுவவில்லை.
துருவோடு தின்றேன்.