கட்டைவிரல்

தால்காவானோ துறைமுகத்தில்
இரண்டாம் பாரந்தூக்கியை ஓட்டுகிறவள் நான்.
கப்பல் வராத இரவுகளில்
முப்பத்தெட்டு மீட்டர் உயரக் கூண்டில்
மடிமேல் விரித்துக்கொள்கிறேன்
மாலைக் கல்லூரியின் கணக்குத் தாளை.

மேலே 5x + 1.
கீழே (x − 1)(x + 2).
பெருக்கி ஒட்டவைத்த இரண்டையும் பிரித்து
தனிக்குடித்தனம் வைக்க வேண்டும்.
யார் தலையில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கிரீஸ் அப்பிய கட்டைவிரலால்
x − 1 ஐ மூடுகிறேன்.
எந்த எண் அதைச் சூனியமாக்குமோ
அதையே மிச்சத்தில் போடுகிறேன். ஒன்று.
ஆறின் கீழ் மூன்று.
ஆக, இரண்டு.
விரலை நகர்த்துகிறேன். கழித்தல் இரண்டு.
கழித்தல் ஒன்பதின் கீழ் கழித்தல் மூன்று.
ஆக, மூன்று.
மறைத்தால்தான் அவரவர் பங்கு தெரிகிறது.
எங்கள் சங்கக் கூட்டத்திலும் அப்படித்தான்,
வராதவரைப் பற்றித்தான் துல்லியமாகப் பேசுவோம்.

மேலே கனம் கூடினால்
முதலில் வகுத்து இறக்கு என்கிறது புத்தகம்.
இதை எனக்குச் சொல்ல வேண்டுமா?

ஒரே காரணி இரண்டு முறை வந்தால்
விரல் பாதிதான் உதவும்.
மேலடுக்குப் பெட்டிதான் கொக்கிக்குச் சிக்கும்;
அடியில் இருப்பதற்கு
வேறொரு எண்ணைப் போட்டுத்
துழாவ வேண்டும்.
போன வாரம் அதை மறந்து
ஒரு பக்கம் முழுக்க அடித்தேன்.

பிறகு இந்த x² + 4.
மெய்யெண்களில் இதற்கு மூலம் இல்லையாம்.
மூன்று மணிக் காற்றில்
வெறும் கொக்கி இங்குமங்கும் ஆடுவதைப்
பார்த்துக்கொண்டே நம்பினேன்.
உடையாததை உடைக்காதே.
அதன் தலையில் ஒற்றை எண் போதாது,
Bx + C என்று கொஞ்சம் இடம் விட்டு வை.

தேர்வுத்தாள் திரும்பி வந்தது. ஏழுக்கு ஆறரை.
சிவப்பு மையில் ஓர்மேனோ சார்:
"விடை சரி. வழிமுறை எங்கே?"
x − 1 மேல் கறுப்பாக
என் ரேகை இருந்தது. அவர் அழுக்கென்று நினைத்திருப்பார்.

கீழே எழுதினேன்:
x பூஜ்யமானால்
இடப்பக்கம் கழித்தல் அரை.
வலப்பக்கம் கழித்தல் இரண்டும் ஒன்றரையும்,
அதுவும் கழித்தல் அரை.
தூக்குவதற்கு முன்
கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது போல.
நிரூபணம் இல்லைதான். தெரியும்.
ஆனாலும் அந்த அரை மதிப்பெண் என்னுடையது.

வயர்லெஸ்ஸில் எலியோதோரோ கத்துகிறான்:
"அர்செனியா, கப்பல் வந்தாச்சு, கொக்கியை நிறுத்து."

நிறுத்த முடியாது.
ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடக் குட்டை.
விரலைத் துடைத்துக்கொண்டு
காத்திருக்கிறேன்.