மணம் என்ற கட்டம்

கோச்செவ்யே காட்டில் மழை விட்ட மூன்றாம் நாள்.
பீச் மரத்துச் சருகில் முழங்காலிட்டு
லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொள்கிறாள் இர்மா.
கீழே
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு குடை.

தொப்பி: வெளிறிய தோல் நிறம், ஓரத்தில் மெல்லிய கோடுகள்.
செவுள்: காம்பைத் தொட்டும் தொடாமலும்.
காம்பு: தீக்குச்சியைவிட மெலிவு, மூன்று குச்சி நீளம்,
கறுப்பு; அடியில் வெல்வெட்.
விரலால் தோண்டினாள்.
மண்ணில் இல்லை,
மண்ணுக்குள் புதைந்த பீச் சுள்ளியொன்றில்
கால் ஊன்றியிருந்தது.

எல்லாம் பென்சிலில் எழுதியாயிற்று.
ஒரு கட்டம் மட்டும் காலி.
மணம்.

பிப்ரவரியில் வந்த காய்ச்சல்
போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது.
காபி வெறும் வெந்நீர். சோப்பு வெறும் வழுவழுப்பு.
அடுப்பில் பால் தீய்வதை
மாடி வீட்டுக்காரி இறங்கி வந்து சொன்னாள்.
இருந்தும் நசுக்கி முகர்ந்தாள், பழக்க தோஷம்.
ஈரக் காற்று உள்ளே போனது,
ஈரக் காற்று வெளியே வந்தது.

சாலையோரம் மரம் ஏற்றிக்கொண்டு நின்றது ஒரு லாரி.
"கொஞ்சம் உங்கள் மூக்கு வேண்டும்."
லுத்விக் பின்னால் திரும்பிப் பார்த்தான்,
வேறு யாரையோ கேட்கிறாளோ என்று.
அவன் கையெல்லாம் டீசல்.
அதனால் அவளே அவன் மூக்கருகே பிடித்து நசுக்கினாள்.

"அட, பூண்டு!"
மறுபடி குனிந்தான்.
"வதக்கின பூண்டு இல்லை. உரித்துக்
கத்தியால் ஒரு தட்டு தட்டினால் வருமே, அது.
இத்தனூண்டுக்குள்ளா?"
தின்னலாமா என்றான்.
"முதலில் பெயர்" என்றாள்.

பூண்டு மணக்கும் குடைகளில் அவளுக்குத் தெரிந்து இரண்டு.
ஒன்று குட்டை, செம்பழுப்புக் கால், பளபளப்பு.
மற்றது நெட்டை, கரிய கால்,
பீச் சுள்ளியை விட்டு நகராதது.
மூக்கு குடும்பத்தைச் சொன்னது,
கால் ஆளைச் சொன்னது.

மணம்: பூண்டு, தட்டிய உடனே.
முகர்ந்தவர்: லுத்விக், லாரி ஓட்டுநர்.

லாரி போன பிறகும் சற்று நேரம்
அந்த வரியை அடிக்கலாமா என்று
பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றாள்.
இரவல் மூக்கு. டீசலில் ஊறிய மூக்கு.

மாலைப் பேருந்தில்
பக்கத்து இருக்கைப் பையன் அவளை ஒருமுறை பார்த்தான்,
அவள் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தான்,
எழுந்து ஜன்னலைத் திறந்தான்.
குளிர் வந்து முகத்தில் அறைந்தது.

இர்மா நோட்டை எடுத்தாள்.
இரண்டாம் சாட்சி: பெயர் தெரியவில்லை.
மணி 5.40.