முன்னூறு ஓம்

க்தான்ஸ்க் நீதிமன்றத்தில் பதினோரு வருஷமாக
பிறர் சொன்னதைத் தட்டச்சு செய்கிறேன்.
எது கேட்கவில்லையோ அங்கே
'தெளிவில்லை' என்று போடலாம்.
பக்கத்துக்கு மூன்று வரை பொறுப்பார்கள்.
நான்காவது விழுந்தால்
மேலதிகாரி லுட்மிலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள்.

இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரு ஹெட்போன் வாங்கினேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்
பதில் தயாராக இருந்தது:
பகலெல்லாம் காதை வாடகைக்கு விடுகிறவள்
ராத்திரியாவது சொந்த வீட்டில்
குடியிருக்க வேண்டாமா.

செல்போனில் செருகிப் பார்த்தேன்.
முன்னூறு ஓம் கேட்டது அது.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
செல்லோ இருந்தது,
அதைச் செய்த மரம் இல்லை.

ஒலிவாவில் டிராம் திரும்பும் வளைவில் ஒரு கடை.
ஜெமோவித் பேசுவது குறைவு.
சனிக்கிழமை, பனி சேறாகிக் கிடந்த காலை,
என் பூட்ஸைப் பார்த்தான், பிறகு ஹெட்போனைப் பார்த்தான்,
விலைச்சீட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தான்.

வால்வு வைத்தது முதலில்.
கண்ணாடிக்குள் இரண்டு தணல்.
குரலுக்கு நெய் தடவியது போல இருந்தது;
அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன்.
அடுத்தது ஜெர்மனியிலிருந்து வந்த அலுமினியப் பாளம்,
தூக்கினால் முதுகு பிடிக்கும்.
அதில் செல்லோ அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.
மூன்றாவது ஒரு கறுப்புச் சோப்புப்பெட்டி.
அதில் எல்லாம் கொஞ்சம் தள்ளி,
கொஞ்சம் சோர்வாக.

"பொறுங்கள்" என்றான்.
வோல்ட்மீட்டரின் இரண்டு ஊசிகளையும் வைத்து
மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான்,
தங்கம் நிறுக்கிறவனைப் போல மூச்சை அடக்கி.
"சத்தம் அரை மாத்திரை கூடினால் போதும்,
காது அதை அழகு என்று எழுதிக்கொள்ளும்.
உங்கள் காது மட்டுமில்லை."

பிறகு நடுவில் அட்டை வைத்து மறைத்தான்.
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல
ஒரு தாளும் பென்சிலும் நானும்.

வால்வை ஒவ்வொரு தடவையும் பிடித்துவிட்டேன்:
இசை நிற்கும் இடத்தில் ஒரு கொசு இருந்தது.
பாளமா சோப்புப்பெட்டியா என்பதில்தான்
பதினாறுக்கு ஏழு.
காசைச் சுண்டியிருந்தால் எட்டு வந்திருக்கும்.
கேட்பதையே தொழிலாக வைத்திருக்கிறவள்.
சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.

"சோப்புப்பெட்டி" என்றேன்.
அவன் முகம் விழவில்லை.
கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"என் வீட்டிலும் அதுதான்."

ராத்திரி பதினொன்று. மேல்வீட்டுக் குழாய் அடங்கியபின்
ஆரம்பித்தேன்.
மரம் வந்தது.
வார்னிஷ்கூட வந்தது என்றால் நம்பமாட்டீர்கள்.
வில் எடுக்குமுன் வாசிக்கிறவள் மூக்கால் இழுக்கும் மூச்சு,
சட்டைக் கைப்பொத்தான் பலகையில் பட்ட ஓசை,
யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலி.
போர்வைமேல் என் விரல்கள் தாமாகவே
தட்டத் தொடங்கிவிட்டன, பழக்கதோஷம்.

இரண்டாம் பகுதி முடிந்து, மூன்றாவது தொடங்காத
அந்த நான்கு விநாடியில்
ஒருவர் ஒரு சொல் சொல்கிறார்.

திரும்பப் போட்டேன்.
ஆணா பெண்ணா தெரியவில்லை.
'போதும்' ஆக இருக்கலாம்,
ஒரு பெயராக இருக்கலாம்,
மைக் அணைந்துவிட்டது என்று நினைத்தவர்
தனக்கே சொல்லிக்கொண்டதாக இருக்கலாம்.
குமிழைத் திருகினேன்.
சொல் வளர்ந்தது,
அதைச் சுற்றியிருந்த இரைச்சலும் கூடவே வளர்ந்தது.
இன்னும் திருகினேன்.
அந்தப் பாளத்தை வாங்கியிருந்தால், என்று
ஒரு கணம் நினைத்தேன்;
பதினாறுக்கு ஏழு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

எட்டாவது தடவைக்குப் பிறகு
குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.
விரல்கள் போர்வையில் அடித்தன:
தெளிவில்லை.

இந்தப் பக்கத்துக்கு இதுதான் முதல்.
இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது.