தொட்டியின் தரை

சம்பளப் பாக்கிக்குப் பதிலாக
ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கி வந்தான் நம்புராஜன்.
படகுக்காரர் வீட்டில் அதில்
வெங்காயம் போட்டு வைத்திருந்தார்களாம்.
இரண்டடி நீளம். மூலையில் ஒரு கீறல்,
கசியவில்லை.
ஏழாயிரத்துக்கு இதுவா ஈடு என்று நான் கேட்கவில்லை,
தண்ணீர் எங்கே என்று கேட்டேன்.

சின்னப்பாலத்தில் எங்கு தோண்டினாலும் உப்பு.
வண்டித் தண்ணீர் குடம் பத்து ரூபாய்,
ஐந்து குடம் பிடித்தது.
கடலைப் பார்த்த வாசலில்
மீனுக்கு விலைத்தண்ணி வாங்குறாளே என்று
ஆரோக்கியமேரி சிரித்த சிரிப்பில்
அடைகோழி எழுந்து ஓடியது.

கரை மணலை நாலு தரம் அலசிப் போட்டிருந்தேன்.
ராமநாதபுரத்தில் மீன் விற்கும் செய்யது லெப்பை
அதில் ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லி
எலுமிச்சையைப் பிழிந்தார்.
நுரைத்தது.
"பூரா சிப்பித்தூளும்மா.
கரைஞ்சு கரைஞ்சு தண்ணியவே மாத்திரும்."
ஆற்று மணல், நைசாக, எட்டுக் கிலோ.
கூர்க்கல் ஆகாது என்றார்:
அடிமீனுக்கு மீசைதான் கை,
அது தேய்ந்தால் பட்டினி.
என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.
துணி சுற்றித்தான் கடலுக்குள் இறங்குகிறேன்,
ஆனாலும் பத்திலும் பார் கிழித்த கோடு.

ஆரல் இருக்கா?
"அது குழம்புக்கு."
அயிரை?
"அதுவும்."
கண்ணாடியை நக்கித் துடைக்கும் சக்கர் மீனைக் காட்டினார்,
இப்போது விரல் நீளம், வளர்ந்தால் ஒன்றரை அடி.
வேண்டாம்,
திரும்பிப் படுக்க முடியாத வீட்டில்
யாரையும் வைக்கக் கூடாது.
கடைசியில் புள்ளி போட்ட கோரி கெளுத்தி, ஆறு.
ஒன்றை மட்டும் வாங்கினால் பயந்தே செத்துப்போகும் என்றார்.
அது எனக்குத் தெரியும்.
பாசிக்கு நாங்களும் தனியாக முங்குவதில்லை.

பிறகு சொன்னார்:
"மேல நீந்துறதுக்குத் தீனி போடுங்க,
மிச்சத்த இது தின்னுக்கிரும்.
செலவே கிடையாது."

அங்கேதான் கோபம் வந்தது.
அடியில கெடக்கிறவளுக்கு மிச்சம் போதும்னு
உங்களுக்கு யாரு சொன்னா?
கடையில் இருந்த இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
லெப்பை ஒன்றும் பேசாமல்
மூழ்குகிற வில்லைத் தீனி டப்பாவை எடுத்துவைத்தார்.
அறுபது ரூபாய்.

செடிக்கு யாரையும் கேட்கவில்லை.
பாசி பறிக்கிறவளுக்குத் தெரியாத பச்சையா?
அனுபியாஸின் தண்டை மணலில் ஊன்றினேன்,
பத்தாம் நாள் அழுகி நாறியது.
புதைக்கக் கூடாதாம், கல்லில் கட்ட வேண்டுமாம்.
கட்டுவதென்றால் சரி.
நைலான் நரம்பு, இரண்டு சுற்று,
பாசிக் கயிற்றில் போடும் அதே முடிச்சு.
ஒரு புது இலை, சுருட்டிய பீடி மாதிரி,
இன்னும் விரியவில்லை.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு வில்லையைப் போடுகிறேன்.
மணலுக்குள் மூக்கு வரை நுழைத்து
ஆறும் துழாவிக்கொண்டு வருகின்றன.
திடீரென்று ஒன்று செங்குத்தாக மேலே பாய்ந்தது,
ஒரு வாய் காற்றை அள்ளியது,
பாய்ந்த வேகத்தில் தரைக்குப் போய்விட்டது.

நம்புராஜன் பதறினான்,
"ஏய், மூச்சுக்கு அல்லாடுது."

இல்லை, வேலை பார்க்குது என்றேன்.
கச்சான் காற்று தணிந்துவிட்டது,
காலையில் நாலரைக்கு நான் படகில் இருக்க வேண்டும்.
தண்ணி வண்டி வந்தால் இரண்டு குடம் பிடி,
ஒன்று இதுகளுக்கு.