மூணு செப்புக்காசு

சமாதானபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு
எப்சிபா ஆஸ்பத்திரி லேபிலிருந்து
ரத்தம் பார்த்த கையைக் கழுவிவிட்டு வந்து
கதை சொல்ல உட்காருவாள்.
கதைக்குள் நான் ஒன்பதாம் படி வீரன்.
வெளியே, மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிற
நாறும்பூ.

மலையில் டிராகன். நடுவில் ஆறு.
துறையில் குத்தவைத்திருந்த தோணிக்காரன்
எழுந்திருக்காமலே சொன்னான்:
‘இன்னைக்கு ஆறு சரியில்ல. நாளைக்கு வாங்க.’

மணி பதினொன்று.
பரோட்டா பார்சல் ஆறிக்கொண்டிருந்தது.
வேறொன்றும் யோசிக்கவில்லை.
‘வெட்டுதேன்’ என்றேன்.
இருபது முகப் பகடை நோட்டுமேல் ஓடி
சால்னா கவரில் முட்டி நின்றது.
பதினேழு.

‘செத்துட்டான்’ என்றாள்.
‘மடியில என்ன இருக்கு?’
‘மூணு செப்புக்காசு. கடிச்சு மிச்சம் வச்ச
கருப்பட்டித் துண்டு ஒண்ணு.’
‘அவ்வளவுதானா?’
கேட்டது நான்தான்.

பலவேசம் விதிப்புத்தகத்தைப் புரட்டினான்:
நிரபராதியைக் கொன்றால் நற்குணம் பத்துக் குறையும்.
‘பத்துதான? தானம் குடுத்து ஏத்திக்கிடலாம்’
என்றார் பீர் அண்ணன்.
எப்சிபா புத்தகத்தை வாங்கி மூடி
அதன்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தாள்.
‘ஒண்ணும் குறைக்கல. ஆட்டம் போகட்டும்.’

காவலர் வருவார்கள் என்று நினைத்தேன்.
தூக்குமரம், சாபம், ராத்திரி ஆவி,
எதற்கும் தயாராய் வாளைத் தீட்டி வைத்திருந்தேன்.
யாரும் வரவில்லை.
தோணி தள்ள எங்களில் ஒருவருக்கும் தெரியாது
என்பது மட்டும் தெரியவந்தது.

அடுத்த சனி, அக்கரைக்கு உப்பு போகவில்லை.
அதற்கடுத்த சனி, இக்கரையில் மருத்துவச்சி,
அக்கரையில் இடுப்பு வலி.
நாற்பது பக்க நோட்டில்
அவள் கணக்கு எழுதியிருந்தாள்:
யாருக்கு எது வரவில்லை,
யார் யாருக்காகக் கரையில் நின்றார்கள்.
பகடையை என்னிடம் நீட்டினாள்.
‘பிரசவத்துக்கு நீயே உருட்டு.’

உள்ளங்கையில் வைத்திருந்தேன். வேர்த்தது.
‘அவம் பேரு என்ன?’
‘பேரு வைக்கலையே’ என்றாள்.
‘நாலு வார்த்தை பேசிட்டு
தோணியத் தள்ளிட்டுப் போயிருவான்னு நெனைச்சேன்.
நீ வெட்டுவன்னு எனக்கு எப்படித் தெரியும்?’

பலவேசம் மெதுவாகச் சொன்னான்:
‘எங்க சாமியும் வெட்டுப்பட்டவருதான்.
கால்வாய்க்கரையில பீடம். வருசாவருசம் கொடை.
வெட்டுனவன் யாருன்னு யாருக்கும் தெரியாது.
எங்க ஆளுதான்னு
பெரியப்பா குடிச்சா மட்டும் சொல்லுவாரு.’

ஒரு மணிக்கு ஆத்துப்பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
கீழே அமலைச்செடிக்கு இடையில்
தாமிரபரணி ஒரு வேட்டி அகலத்துக்கு ஓடியது.
பாலம் வருமுன் இங்கேயும் தோணிதான்.
ஒரு நாளைக்கு இருநூறு வீடு ஏறி இறங்குகிறேன்.
கதவைத் திறந்தவர் முகம் கேட்டால்
சொல்லத் தெரியாது.
சர்வீஸ் நம்பர் தெரியும்.

மறுவாரம் வாளை விற்றேன்.
எப்சிபா கால்குலேட்டரைத் தட்டினாள்:
ஒரு கழி, ஒரு துடுப்பு, தோணிக்குக் கீல்,
மிச்சத்துக்கு உப்பும் கருப்பட்டியும்.
தாளில் ‘வீரன்’ என்பதை அடித்துவிட்டு
‘தோணிக்காரன்’ என்று எழுதினேன்.
பேர் எழுதும் இடத்தை
நானும் காலியாகத்தான் விட்டேன்.
நாலு தடவை கவிழ்ந்தேன்.
மருத்துவச்சியோடு போய்ச் சேர்ந்தபோது
குழந்தைக்கு எட்டு நாள் ஆகியிருந்தது.
தாய் இல்லை.
அதை எப்சிபா பகடை கேட்காமலே சொன்னாள்.

போன சனி
பீர் அண்ணனும் பலவேசமும்
கவசத்தோடு துறையில் வந்து நின்றார்கள்.
மலைமேல் டிராகன் இன்னும் இருக்கிறது.
‘தோணியத் தள்ளுல.’
நீர்மட்டத்துக்கு உருட்டினேன்.
இரண்டு.

‘இன்னைக்கு ஆறு சரியில்ல’ என்றேன்.
‘நாளைக்கு வாங்க.’

மணி பதினொன்று.
பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது.
பீர் அண்ணன் கை நீண்டு
பகடையை எடுத்தது.